அவசரம் இல்லை என்றார்

18 பிப்ரவரி 2025, செவ்வாய். சித்தூர்

பாதி இட்லியில் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. சென்னம்மா போன் செய்தார். "ஐயா, எனக்கு அவசரம் கீது" என்றார். அவ்வளவுதான், இணைப்பு அறுந்துவிட்டது. கணவர் போன பிறகு தனியாக இருக்கிறவர், ரத்த அழுத்தக்காரர். கை கழுவினேனா என்பதே நினைவில்லை. கிரீம்ஸ்பேட்டை வரை ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்பதும் நினைவில்லை.

போய்ப் பார்த்தால் அவர் வாசலில் நின்று பந்தல்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் சாப்பாடு. கோயிலில் இருக்கும் பெரிய அண்டா வேண்டுமாம். "அண்டா அவசரம்னு சொல்லத்தான் போன் பண்ணேன். நீங்க இன்னாத்துக்கு இப்டி வேர்த்துக்கினு வந்தீங்க?"

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கிருபாவதி சிரித்து முடிக்க நேரமாயிற்று. அவள் பாலசமுத்திரத்தில் வளர்ந்தவள். இந்தப் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் பிறந்தது திருவண்ணாமலைப் பக்கம். எனக்கு அவசரம் என்றால் ஓட வேண்டும். இங்கே தெலுங்கு கலந்து பேசுகிறவர்களுக்கு அவசரம் என்றால் தேவை. 'அவசரம் இல்ல' என்றால் தேவையில்லை, வேண்டாம்.

"எல்லாரும் அப்டி சொல்ல மாட்டாங்க. யாரு வாயிலேர்ந்து வருதுன்னு பாக்கணும்" என்றும் சொன்னாள்.

மாற்றலாகி இந்தச் சபைக்குப் போதகராக வந்து இரண்டாவது ஆண்டு நடக்கிறது. உருப்படியாக ஒரு சொல் கற்றிருக்கிறேன்.

சபை மாதப் பத்திரிகைக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தலைப்பு 'அன்றாட வாழ்வில் விசுவாசம்'. லெந்து நோன்பு முடிவதற்குள் இரண்டு பக்கம். 'விசுவாசம் என்பது' என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு கமிட்டி. கூரை ஒழுகல், ஒலிபெருக்கி, பிறகு மற்றவை. மற்றவையில் இஸ்ரேல் எழுந்தார்.

இஸ்ரேல் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி இல்லை, பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் மகள் பிளெஸ்ஸியோடு இருக்கிறார். கோயிலில் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு. எனக்குக் கண் மங்கி வருவதால் கிறிஸ்துமஸ் முதல் பிரசங்கத்தையும் ஜெபத்தையும் தொடுதிரை டேப்பில் பெரிய எழுத்தாக வைத்துப் படிக்கிறேன். அதைத்தான் பிடித்தார்.

"ஐயா ஜெபம் பண்றாரா, வந்த மெசேஜப் படிக்கிறாரான்னு எனக்குத் தெரியல. நடுநடுவுல வெரலால தள்ளிக்கினு கீறாரு. மேல போயி ரெண்டு டிக் உழுந்துதான்னு பாக்கறாரோ இன்னாவோ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒலிபெருக்கிக்கு விலைப்புள்ளி வாங்குவது என்று தீர்மானித்துக் கூட்டத்தை முடித்தேன்.

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. கண் மங்குவது அவருக்குத் தெரியாதா? தெரியும். அதற்காக இல்லை இந்தக் கோபம். வியாதியஸ்தருக்காக ஒவ்வொரு ஞாயிறும் நான் படிக்கிற ஜெபம் போன வருஷம் எழுதியது. வாராவாரம் பெயர்களை மட்டும் மாற்றுகிறேன். அது அவருக்கு எப்படித் தெரிந்தது?

2 மார்ச், ஞாயிறு

இன்று டேப் இல்லாமல் ஜெபித்தேன். நடுவில் மறந்து நின்றேன். இஸ்ரேல் தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் தேவலாம்.

5 மார்ச், சாம்பல் புதன்

லெந்து தொடங்கிவிட்டது. டேப் திரும்பவும் பீடத்துக்கு வந்துவிட்டது. என் கண், என் டேப்.

13 மார்ச், வியாழன்

மார்க்கெட்டில் இஸ்ரேலைப் பார்த்தேன். வலது காலில் துணிக்கட்டு. செருப்பின் வாரை அறுத்துவிட்டுப் போட்டிருந்தார். "செருப்பு கடிச்சிடுச்சு" என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவரைக்காய்க்காரியிடம் விலை கேட்கத் திரும்பினேன். பின்னாலிருந்து "ஐயா" என்று கூப்பிட்டார். தெலுங்கும் தமிழுமாகச் சந்தை இரைந்துகொண்டிருந்தது. காதில் விழாத மாதிரி நடந்துவிட்டேன்.

விழுந்தது.

8 ஏப்ரல், செவ்வாய்

பிளெஸ்ஸி திருப்பதியிலிருந்து பேசினாள். நைனாவை, இஸ்ரேலைத்தான், நேற்று அங்கே பெரிய மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம். சர்க்கரை ஏறி, கால் விரல் புண் மோசமாகிவிட்டது. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் வரட்டுமா என்று கேட்டேன். இருங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி அவரிடம் கேட்டாள். பின்னால் அவர் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. அவள் போனுக்கு வந்து சொன்னாள்:

"நைனா அவசரம் இல்லன்றாரு ஐயா."

சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

அவசரம் இல்லை. அதாவது தேவை இல்லை. என் ஜெபம் தேவை இல்லை. கமிட்டியில் சுற்றி வளைத்துச் சொன்னதை இப்போது நேராகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கிருபாவதி, "இஸ்ரேல் அண்ணன் அப்டிச் சொல்ற ஆளு இல்லையே" என்றாள். அவளுக்கு அன்று கமிட்டியில் சிரித்தவர்களின் முகம் தெரியாது.

9 ஏப்ரல், புதன்

குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை சொல்லியாயிற்று. பாட்டுக்குழுவுக்கு இரண்டு ஒத்திகை. புனித வாரத்துக்கு ஏழு பிரசங்கம்.

கிருபாவதி மறுபடி ஆரம்பித்தாள், ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள் என்று. வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு எப்படிப் போவது என்றேன். "யாரு வேணாம்னாங்க?" என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து போனேன். வேலை இருந்ததும் உண்மைதான்.

10 ஏப்ரல், வியாழன்

கட்டுரையை முடித்துவிட்டேன். வியாதியஸ்தரைச் சந்திப்பது பற்றி எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது, நன்றாக வந்திருக்கிறது. அனுப்பியும் விட்டேன்.

11 ஏப்ரல், வெள்ளி. திருப்பதி, மருத்துவமனை வராந்தா

எழுதினால்தான் நடந்தது எனக்கே நிற்கும். வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஓலைக்கட்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பிளெஸ்ஸியின் போன். தோத்திரம் சொல்லவில்லை. நலம் கேட்கவில்லை.

"ஐயா, நீங்க வரப்போறீங்களா இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க. டாக்டர் இதுக்கு மேல காத்துக்கினு இருக்க முடியாதுன்றாரு."

எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான்."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது எனக்குள் இறங்கியது. எனக்காகவா? எதற்கு எனக்காக? பாகாலா தாண்டியும் புரியவில்லை. சந்திரகிரி தாண்டியும் புரியவில்லை.

இஸ்ரேல் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் பாதியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். வலது கால் தலையணை மேல். கட்டுக்கு மேலே, கணுக்கால் பக்கம், தோல் நிறம் — எழுத வேண்டாம். வாடை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"வாங்க ஐயா. வேலையெல்லாம் ஆச்சா? குருத்தோல வந்துச்சா?"

பிளெஸ்ஸி சொன்னாள், அவரைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து. திங்கட்கிழமை வந்து சேர்ந்தபோதே இரண்டு விரல் கறுத்திருந்தது. அதை உடனே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். சரி, எங்கள் ஐயா வந்து ஜெபம் பண்ணட்டும், அப்புறம் வெட்டுங்கள் என்று இவர் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடவில்லை. திருப்பதியிலேயே ஒரு போதகரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவள் அழுதிருக்கிறாள். வேண்டாம் என்றிருக்கிறார். ஐயா வருவார் என்றிருக்கிறார். செவ்வாய் முழுதும், புதன் முழுதும், வியாழன் முழுதும். ஆபரேஷன் என்பதை என்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சொன்னால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டில் பறந்து வருவேனாம். எனக்குக் கண் சரியில்லையாம்.

என் கண்.

"நீங்க அவசரம் இல்லன்னு சொன்னீங்களே" என்றேன்.

"ஆமா. பண்டிக வேல நெறைய கெடக்கும், அவசரம் இல்ல, மெதுவா வரட்டும்னுதான் சொன்னேன்."

"நான்... தேவையில்லன்னு சொல்றீங்கன்னு..."

பக்கத்துப் படுக்கையில் ஒருவர் இருந்தார், முனிகிருஷ்ணன் என்று பெயர். நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறார். அவருக்கும் கால் புண்தான். அவர்தான் பேசினார்.

"அட, நீங்க எடுத்துக்கினது தெலுங்கு அவசரம், சாமி. இவரு சொன்னது தமிழ் அவசரம். ரெண்டுக்கும் நடுவுல காலு மாட்டிக்கிச்சே."

முதலில் சிரித்தது இஸ்ரேல். சிரிப்பு இருமலாகி, பிளெஸ்ஸி தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

என்னிடம் ஏன்? வேறு யாரையாவது வைத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கலாமே, ஏன் என்னிடம்? கேட்டுவிட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் பயணியிடம் ஊர்ப்பெயர் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்:

"கமிட்டில உங்க ஜெபத்தத்தான் பேசினேன். அத அப்டிப் பேசிட்டு, இன்னொருத்தரு ஜெபத்துல போயி கத்திக்குப் படுத்தா நல்லாவா இருக்கும்? மார்க்கெட்ல சொல்லிடலாம்னு கூப்ட்டேன். உங்களுக்குக் கேக்கல."

"வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே இஸ்ரேல்."

"கூப்ட்டா வர்றது டூட்டி, ஐயா. டிப்போல எங்களயும் கூப்ட்டாங்க, போனோம்."

ஜெபித்தேன். கட்டின் மேல் கை வைத்தேன். பையில் டேப் இருந்தது, எடுக்கவில்லை. அவர் பெயரைச் சொன்னேன், அடுத்தது வரவில்லை. மனசில் ஒன்றும் இல்லை, சுத்தமாக ஒன்றும் இல்லை. பிறகு வாய் தானாக ஆரம்பித்தது. என்ன வந்தது தெரியுமா? அதே ஜெபம். ஞாயிறுதோறும் படிக்கிறது, போன வருஷம் எழுதினது, பெயர் மட்டும் மாற்றினது. முழுக்கச் சொன்னேன். நிறுத்த முடியவில்லை.

இஸ்ரேல் ஆமென் என்றார். வார்டு திரும்பிப் பார்த்தது. இந்த ஊழியத்தில் எத்தனையோ ஆமென் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்று கேட்டதில்லை.

உடனே பிளெஸ்ஸியிடம் பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் இளைஞர். திட்டவில்லை. நாளைக் காலை, முழங்காலுக்குக் கீழே எடுக்கிறோம் என்றார். பிறகு தன் பாட்டுக்குச் சொல்வதுபோலத் தெலுங்கில், அன்றைக்கே என்றால் ரெண்டு வேள்ளு, அவ்வளவுதான் என்றார். இரண்டு விரல். என் தெலுங்குக்கு அது மட்டும் உடனே புரிந்தது.

12 ஏப்ரல், சனி

எடுத்துவிட்டார்கள்.

தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் நானும் பிளெஸ்ஸியும். கிருபாவதி முதல் பஸ்ஸில் வந்து நடுவில் உட்கார்ந்தாள். பிளெஸ்ஸிதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஒரு போன் பண்ணி, எந்த அர்த்தத்துல சொன்னாருன்னு கேட்டிருக்கலாம் இல்ல ஐயா?"

கேட்டிருக்கலாம். ஒரு போன். கிருபாவதி என்னைப் பார்க்கவில்லை. பார்த்து 'நான் சொன்னேனே' என்றிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அவள் அன்றே சொன்னாள், யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்கணும் என்று. அதையும் என் கைப்பட எழுதி வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு மறந்தேன். இல்லை, மறக்கவில்லை. எனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். அவர் என்னை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

மயக்கம் தெளிந்து அவர் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கால் என்று. வலது என்றேன். போர்வையைத் தடவிப் பார்த்தார்.

"பிரேக்கு போச்சு. கிளட்ச் கீது."

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

காலை ஆராதனை, மாலை ஆராதனை இரண்டும் நடத்தினேன். பிள்ளைகள் ஓலையோடு வலம் வந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோர இடத்தை யாரும் சொல்லாமலே காலியாக விட்டிருந்தார்கள்.

வியாதியஸ்தர் ஜெபம் வந்தது. விரல் அதன் மேலேயே நின்றது, தள்ள முடியவில்லை. சபை காத்திருந்தது. படித்தேன். வேறு என்ன செய்வது?

யோசித்துப் பார்க்கிறேன். என் ஜெபத்துக்காக என்னுடைய எதை நிறுத்தி வைப்பேன்? காலை வேண்டாம், ஒரு நகத்தை? தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். அது தவறில்லை, இஸ்ரேல் செய்ததுதான் தவறு என்று டாக்டர் சொல்வார், நானும் சொல்வேன். கேட்டிருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு. நான் பண்ணுகிற ஒன்றை நானே நம்பாமலிருந்தபோது, அதைக் கேலி பண்ணின ஆள் நம்பிக்கொண்டு படுத்திருந்தார் — இதைத்தான் விழுங்க முடியவில்லை.

16 ஏப்ரல், புதன்

திருப்பதி போய் வந்தேன். இஸ்ரேலுக்கு இல்லாத பாதம் அரிக்கிறதாம். சொறிய முடியவில்லை என்று முனிகிருஷ்ணனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

முனிகிருஷ்ணனின் மனைவி தேவசேனா எனக்கு மோர் கொடுத்தார். புருஷன் எழுந்து நடமாடியதும் அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். "அண்ணனுக்கும் சேத்து வேண்டிக்கினு கீறேன். அவருக்கு எங்க சாமி ஆகாது, தெரியும். காலு என்னுதுதானே, நான் ஏறிட்டுப் போறேன்" என்றார். இஸ்ரேல், "எனக்கு இன்னாத்துக்கு ஆகாது? ஏறும்மா, ஏறு. எனக்கும் சேத்து மூச்சு வாங்கு" என்றார்.

தேவசேனாவுக்கு இஸ்ரேலை ஒரு வாரமாகத் தெரியும். எனக்கு இரண்டு வருஷமாக.

திரும்பும்போது பஸ் நிலையத்துக்குப் போகாமல் அலிபிரிப் பக்கம் நடந்தேன். ஏன் என்று தெரியவில்லை. அடிவாரத்தில் நின்றேன். வெயிலில் வெறுங்காலோடு கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பித்தவெடிப்புக் கால், மருதாணிக் கால், கொலுசுக் கால், தூக்கிவந்த குழந்தையின் கால். ஒரு பெண் படிக்குப் படி குனிந்து மஞ்சள் தடவிக்கொண்டே ஏறினாள். நான் வேறு வழிக்காரன். இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு முகத்தையும் பார்க்காமல் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காவலர் வந்து யாரையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி நேரம் நின்று பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

20 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நற்கருணை எடுத்துக்கொண்டு திருப்பதி. நான் உள்ளே போனதும் பிளெஸ்ஸி பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வரவில்லை. கழுவ இருந்தது ஒரு தம்ளர்.

7 மே, புதன்

மாதப் பத்திரிகை வந்துவிட்டது.

நான் அதை மறந்தே போயிருந்தேன். கட்டு பிரித்து வீடுவீடாகக் கொடுத்தனுப்பியாயிற்று என்று கிருபாவதி சொன்ன பிறகு திறந்து பார்த்தேன். உள்ளே என் படம். அதன் கீழே என் பெயர். அதன் கீழே, ஏப்ரல் பத்தாம் தேதி, அவர் அங்கே எனக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்த நாளில், நான் ஒரே மூச்சில் எழுதியது. 'படுக்கையில் இருப்பவர் நம்மை அழைக்கட்டும் என்று காத்திருப்பவன் வாசலிலேயே நிற்கிறான்.' இதை நான் எழுதினேன். இந்தக் கையால். பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எல்லார் வீட்டுக்கும் போயிருக்கிறது. இஸ்ரேல் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில்தான் இருக்கிறார். அவருக்குப் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

8 மே, வியாழன்

பயந்துகொண்டே இஸ்ரேல் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் பத்திரிகை திறந்து கிடந்தது, என் பக்கம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"நல்லா எழுதிக்கீறீங்க ஐயா. சரியாத்தான் கீது."

குத்தல் இருக்கிறதா என்று முகத்தைத் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் பதில் வைத்திருந்தேன். எப்போது எழுதினேன் தெரியுமா என்று சொல்லத் தொடங்கினேன். தெரியும், தேதி கீழே போட்டிருக்கிறது என்றார். எழுதின ஆள் எங்கே இருந்தால் என்ன, எழுதினது சரிதானே என்றார். பலகை தப்பாக மாட்டின பஸ்ஸும் ஊருக்குத்தான் போகும் என்றார்.

பிளெஸ்ஸி உள்ளேயிருந்து, "எந்த ஊருக்கு?" என்று கேட்டாள்.

15 ஜூன், ஞாயிறு

இரண்டு ஊன்றுகட்டையோடு இஸ்ரேல் வாசல்வரை வந்தார். படி ஏற முடியவில்லை. நாலு பேர் நாற்காலியோடு தூக்க வந்தார்கள், சம்மதிக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆராதனை முழுதும் இருந்தார். வியாதியஸ்தர் ஜெபத்தில் அவர் பெயரைப் படித்தேன். வெளியிலிருந்து ஆமென் வந்தது. திரும்பிப் பார்த்தவர்கள் சிலர் சிரித்தார்கள்.

எனக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடுகிறது. பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. பழகக்கூடாது என்றும் இருக்கிறது.

3 ஜூலை, வியாழன்

கண் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டேன். அடுத்த மாதக் கடைசி. கிருபாவதி, "உங்களுக்கு ஜெபம் பண்ண யாரு?" என்றாள். சிரிப்பாகத்தான் கேட்டாள். இரவுச் சாப்பாடுவரை அது எனக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

சென்னம்மா அண்டாவை இன்றுதான் திருப்பிக் கொடுத்தார்.

21 ஆகஸ்ட், வியாழன்

காலை இஸ்ரேலின் போன்.

"ஐயா, அவசரம்" என்றார். வைத்துவிட்டார்.

எந்த அவசரம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கால் செருப்பில் இருந்தது. வழியில்தான் கண்ணாடியை வீட்டில் விட்டது தெரிந்தது, டேப்பையும். ஸ்கூட்டரை மெதுவாகத்தான் ஓட்டினேன், அவர் கவலைப்படுவார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குப் போகிறவர் போல. எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்திருந்தது கால். வேலூரில் அளவெடுத்தது. கறுப்பு ஷூ போட்டுத் தயாராக நின்றது. நேற்று மாலையே வந்துவிட்டதாம்.

"தொடவே இல்ல ஐயா" என்றாள் பிளெஸ்ஸி. எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். "மாட்டிப் பாரு நைனான்னா, ஐயா வரட்டும்ன்றாரு. மறுபடியுமான்னு ஆயிடுச்சு எனக்கு. நானே போன போட்டுக் கையில குடுத்துட்டேன்."

இஸ்ரேல் என் கைகளைப் பார்த்தார். "மெசேஜு எடுத்தாரலியா?"

இல்லை, மறந்துவிட்டேன் என்றேன்.

"அப்ப சொந்தமா ஓட்டுங்க."

ஒரு கையை அவர் தோளிலும் ஒரு கையை அந்தக் கால் மேலும் வைத்தேன். பிளாஸ்டிக் குளிர்ச்சியாக இருந்தது. இந்த ஒன்றுக்கு என்னிடம் எழுதி வைத்த ஜெபம் இல்லை, யாரிடமும் இருக்காது. இது தாங்க வேண்டும், வழுக்கக் கூடாது, கோயில் படி ஏற வேண்டும் என்று சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்கு மேல் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். அவ்வளவுதானா என்று அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவ்வளவுதான் என்றேன். ஆமென் என்றார்.

அதற்கு முன்னால் இன்னொரு ஆமென் கேட்டது, கதவுப் பக்கமிருந்து, சின்னதாக.

மாட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு கை ஜன்னல் கம்பியில், ஒரு கை என் சட்டையில். கால் நடுங்கியது, எந்தக் கால் என்று தெரியவில்லை. கம்பியை விட்டார். என் சட்டையை விடவில்லை. கட்டிலிலிருந்து கதவுவரை வந்தோம்.

புறப்படும்போது சொன்னார்: "ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வரேன். ஆட்டோல்லாம் அனுப்ப அவசரம் இல்ல, ஐயா."

வாசலில் நின்றேன்.

"எந்த அவசரம்?" என்று கேட்டேன்.

இஸ்ரேல் பதில் சொல்வதற்குள் பிளெஸ்ஸி சிரித்துவிட்டாள்.